ஆசிரியர்களுக்குக் கற்பிப்பது யார்? இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் வாண்மை விருத்தியின் நிலை

லண்டனில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் அனைவரும் 'இன்செட் டே' என்ற சொல்லை அறிந்திருப்பார்கள். ஆண்டுக்கு ஐந்து நாள்கள் பாடசாலை திறந்திருக்கும்; ஆனால் மாணவர்களுக்கு வகுப்பு இராது. அன்றைய தினம் மேசைகளில் அமர்ந்து கற்பவர்கள் ஆசிரியர்கள். 1980களின் பிற்பகுதியில், கெனத் பேக்கர் கல்வியமைச்சராக இருந்த காலத்தில் அறிமுகமான ஏற்பாடு இது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் தமிழர்கள் இதையொத்த நாள்களை 'பி.ஏ. டே' என்ற பெயரில் அறிவார்கள்.

வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு இந்த நாள்கள் சற்றுத் தொல்லை தருபவைதான். பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். ஆனால் அந்தத் தொல்லைக்குப் பின்னால் ஒரு கொள்கை முடிவு இருக்கிறது. ஆசிரியர் தொடர்ந்து கற்பது அவருடைய தொழிலின் ஒரு பகுதி. எனவே அது வேலை நாளிலேயே, சம்பளத்துடன், முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட நேரத்தில் நடைபெற வேண்டும் என்பதே அந்த முடிவு.

இலங்கையின் பாடசாலை நாட்காட்டியில் இத்தகைய நாள்கள் ஒரு பொதுவான ஏற்பாடாக ஒதுக்கப்படுவதில்லை. அங்கு ஆசிரியர் பயிற்சியே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பயிற்சி நிறுவனங்கள் பல இருக்கின்றன. சட்டங்களும் சுற்றறிக்கைகளும் இருக்கின்றன. உலக வங்கி உள்ளிட்ட அமைப்புகளின் நிதியுதவியும் பல தடவைகள் கிடைத்திருக்கிறது. இருந்தும் வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவருக்கு இவற்றில் எவ்வளவு சென்றடைகிறது, சென்றடைவது வகுப்பறையில் எதையாவது மாற்றுகிறதா என்பவையே இன்று எழும் கேள்விகள்.

ஆசிரியராவதற்கு வழிகள் பல

இலங்கையில் சுமார் 10,000 அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 40 லட்சம் மாணவர்கள் கற்கிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் பணியாற்றுகிறார்கள். இவர்கள் அனைவரும் ஒரே வாயிலின் வழியாக வந்தவர்கள் அல்லர்.

முதலாவது வழி தேசிய கல்வியியல் கல்லூரிகள். 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கல்வியியல் கல்லூரிகள் சட்டத்தின் கீழ் உருவான இக்கல்லூரிகள் நாடளாவிய ரீதியில் 19 இருக்கின்றன. கோப்பாயில் அமைந்துள்ள யாழ்ப்பாணக் கல்லூரி, வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, கொட்டகலைக்கு அருகே பத்தனையில் உள்ள ஸ்ரீபாத ஆகியவை தமிழ்மொழி ஆசிரியர்களை உருவாக்குவதில் முக்கியமானவை. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளின் அடிப்படையில் தெரிவாகும் மாணவர்கள் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிக் கற்கிறார்கள். மூன்றாவது ஆண்டை ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சியில் கழிக்கிறார்கள். வகுப்பறைக்குள் நுழைவதற்கு முன்னரே முறையான பயிற்சியைப் பெறுபவர்கள் என்று இவர்களைக் கூறலாம்.

இரண்டாவது வழி பட்டதாரி நியமனம். வேலையற்ற பட்டதாரிகளின் போராட்டங்களும், அவற்றைத் தொடர்ந்து அரசாங்கங்கள் மொத்தமாக வழங்கும் நியமனங்களும் இலங்கை அரசியலில் அடிக்கடி நிகழ்பவை. இவ்வாறு நியமனம் பெறும் ஒருவருக்குத் தமது பாடத்தில் பட்டம் இருக்கும். முப்பத்தைந்து பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பை எவ்வாறு நடத்துவது என்ற பயிற்சி இராது. அதனைப் பின்னர் பட்டப்பின் கல்வி டிப்ளோமா மூலம் பெற வேண்டும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்கள், திறந்த பல்கலைக்கழகம், மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் போன்றவை இக்கற்கைநெறியை நடத்துகின்றன. வார இறுதியில் இதனைப் பயில்பவர்கள் கட்டணம், போக்குவரத்துச் செலவு இரண்டையும் பெரும்பாலும் தாமே ஏற்கிறார்கள்.

மூன்றாவது வழி, வழியென்று சொல்ல முடியாத வழி. ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் ஊர் இளைஞர்கள் தொண்டர் ஆசிரியர்களாகவோ, உதவி ஆசிரியர்களாகவோ சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் கற்பித்து, பின்னர் போராடி நிரந்தர நியமனம் பெறுவது. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கின் பல பாடசாலைகள் மூடப்படாமல் இருந்ததற்கு இவர்களே காரணம். இவர்களுக்கான பயிற்சி ஆசிரிய கலாசாலைகளின் ஊடாகப் பணியில் சேர்ந்த பின்னரே கிடைக்கிறது.

ஆக, ஒரே ஆசிரியர் அறையில் மூன்று வேறுபட்ட பின்னணிகளைக் கொண்டவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் ஒரே செயலமர்வை நடத்தும்போது, ஒருவருக்கு அது தெரிந்த விடயமாகவும் இன்னொருவருக்குப் புரியாத விடயமாகவும் அமைந்துவிடுகிறது. சேவைக்காலப் பயிற்சியின் முதற் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது.

பொறுப்பு யாருடையது?

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வி அதிகாரங்களை மத்திக்கும் மாகாணங்களுக்கும் இடையே பகிர்ந்தது. தேசிய பாடசாலைகள் என்றழைக்கப்படும் சில நூறு பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் இருக்கின்றன. ஏனைய பெரும்பான்மையானவை மாகாண நிருவாகத்தின் கீழ் வருகின்றன. பாடத்திட்டத்தை வகுப்பதும் ஆசிரியர் வழிகாட்டிகளை எழுதுவதும், 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய கல்வி நிறுவகத்தின் பணி. சேவைக்காலப் பயிற்சியை மாகாணங்கள் நடத்தலாம்; ஆனால் அதற்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் முன்னனுமதி வேண்டும் என்று அதிகாரப் பகிர்வுப் பட்டியல் கூறுகிறது.

இதன் நடைமுறை விளைவு என்னவெனில், பயிற்சிக்கான உள்ளடக்கம் ஓரிடத்தில், பணம் இன்னோரிடத்தில், ஆசிரியர் மூன்றாவதோர் இடத்தில் இருக்கிறார்கள். மாகாண சபைகளுக்கான கடைசித் தேர்தல் 2014இல் நடைபெற்றது. 2019க்குப் பின்னர் தெரிவுசெய்யப்பட்ட சபை எதுவும் இன்றி, மாகாணங்கள் ஆளுநர்களின் கீழ் இயங்கிவந்தன. பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட நிதி ஏன் செலவிடப்படவில்லை என்றோ, எந்த வலயத்துக்கு எவ்வளவு சென்றது என்றோ கேள்வி எழுப்பக்கூடிய மாகாண மட்ட அரசியல் மேடை இல்லாமற் போனது, கல்வி குறித்த விவாதங்களில் அதிகம் பேசப்படாத ஓர் இழப்பாகும்.

கீழ்மட்டத்தில் ஆசிரியருக்கு மிக நெருக்கமாக இருக்க வேண்டியவர்கள் ஆசிரிய ஆலோசகர்கள். பாடத்துக்கு ஒருவராக வலயக் கல்வி அலுவலகத்துடன் இணைக்கப்பட்டிருக்கும் இவர்கள், பாடசாலைகளுக்குச் சென்று, வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து, பாடம் முடிந்த பின்னர் ஆசிரியருடன் உரையாட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. நடைமுறையில் ஒருவரே பல கோட்டங்களின் பாடசாலைகளைக் கவனிக்க நேரிடுகிறது. பயணப்படி போதாமை, அலுவலகப் பணிகள், போட்டிகள், பரீட்சை வேலைகள் என்பன அவருடைய நாள்களை எடுத்துக்கொள்கின்றன. பின்வரிசையில் அமர்வதற்கு நேரம் எஞ்சுவதில்லை. அவ்வாறு வருகை தரும்போதும், அது ஆலோசனையாக அன்றிப் பதிவேடுகளைச் சரிபார்க்கும் மேற்பார்வையாகவே பல ஆசிரியர்களால் உணரப்படுகிறது.

உலக வங்கியின் உதவியுடன் 1990களின் பிற்பகுதியில் நடைமுறைப்படுத்தப்பட்ட ஆசிரியர் கல்வித் திட்டத்தின்போது, வலயங்கள் தோறும் ஆசிரியர் மத்திய நிலையங்கள் உருவாக்கப்பட்டன. ஆசிரியர்கள் ஒன்றுகூடவும் கற்பித்தல் சாதனங்களைத் தயாரிக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பது நல்ல சிந்தனை. அவற்றில் சில இன்றும் சிறப்பாக இயங்குகின்றன. வேறு சில, கூட்டங்களுக்குக் கொடுக்கப்படும் மண்டபங்களாக மாறிவிட்டன.

கீழே வரவர மெலியும் ஊற்று

இலங்கையில் பாடத்திட்டம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட்டுவந்தது. 1999, 2007, 2015 ஆகியவை அந்த வரிசையில் முக்கியமான ஆண்டுகள். 2007இல் தேர்ச்சி மையக் கல்வி என்ற பெயரில் 6ஆம், 10ஆம் தரங்களில் தொடங்கிய மாற்றம், ஆசிரியர் பேசி மாணவர் கேட்கும் வகுப்பை, மாணவர் குழுக்களாகச் செயற்பட்டுக் கண்டறியும் வகுப்பாக மாற்ற முனைந்தது. ஓர் ஆசிரியரிடம் கேட்கக்கூடிய மிகப் பெரிய மாற்றங்களில் இதுவும் ஒன்று.

அதற்கான பயிற்சி எவ்வாறு வழங்கப்பட்டது? தேசிய கல்வி நிறுவகத்தின் வளவாளர்கள் மாகாண மட்டத்தினருக்கு விளக்கினார்கள். மாகாண மட்டத்தினர் வலய ஆலோசகர்களுக்கு விளக்கினார்கள். ஆலோசகர்கள் சில நாள் செயலமர்வுகளில் ஆசிரியர்களுக்கு விளக்கினார்கள். குறைந்த செலவில் குறுகிய காலத்தில் பல்லாயிரம் பேரைச் சென்றடைய வேண்டிய எந்த நாடும் இந்தப் படிமுறையையே முதலில் நாடுகிறது. இந்தியாவிலும் பெருமளவு பயிற்சிகள் இவ்வாறே நடைபெற்றுவந்தன.

இதன் குறைபாடும் நன்கு அறியப்பட்டதே. மலையுச்சியில் பெருகும் ஊற்று வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைசி வயலை அடையும்போது துளியாகிவிடுவதைப் போல, ஒவ்வொரு படியிலும் விளக்கம் சுருங்குகிறது. மகரகமையில் ஐந்து நாள்களில் சொல்லப்பட்டது, வலயத்தில் ஒரே நாளில் சொல்லப்படுகிறது. கடைசி ஆசிரியருக்குக் கிடைப்பது புதிய சொற்களும் புதிய படிவங்களுமே. அவற்றின் பின்னால் இருந்த காரணங்கள் வழியிலேயே நின்றுவிடுகின்றன.

தமிழ்மொழிமூல ஆசிரியர்களுக்கு இதில் இன்னொரு தடையும் சேர்கிறது. பயிற்சி ஆவணங்கள் பல முதலில் சிங்களத்தில் தயாராகி, பின்னர் தமிழில் மொழிபெயர்க்கப்படுகின்றன. தமிழ்ப் பிரதி தாமதமாக வருவதும், வந்த பிரதியில் கலைச்சொற்கள் விளங்காமல் இருப்பதும் தமிழ் ஆசிரியர்கள் நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டிவரும் குறைகள். சிங்களம் தெரியாத ஆசிரியர் ஒருவர் மகரகமையில் நடைபெறும் பயிற்சிக்கு அழைக்கப்பட்டால், தேநீர் இடைவேளையில் நடக்கும் உரையாடல்களில்கூட அவர் பங்குகொள்ள முடிவதில்லை. தொழில்சார் அறிவு பெரும்பாலும் அத்தகைய உரையாடல்களிலேயே கைமாறுகிறது என்பதை எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்வார்.

மொடியூலும் பதவி உயர்வும்

இலங்கை ஆசிரியர் சேவை 1994 அக்டோபரில் உருவாக்கப்பட்டது. 2014இல் வெளியான புதிய சேவைப் பிரமாணக் குறிப்பு, ஆசிரியர் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு உயர்வதற்கு, மொடியூல் எனப்படும் குறுகிய பயிற்சித் தொகுதிகளைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும் என்று விதித்தது. சேவை மூப்பு மட்டும் போதாது, தொடர்ந்து கற்றதற்கான சான்றும் வேண்டும் என்ற கொள்கையில் தவறு காண முடியாது.

ஆனால், கட்டாயமாக்கப்படும் எந்தப் பயிற்சிக்கும் நேரிடும் ஆபத்து இதற்கும் நேர்ந்தது. பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கும்போது ஆசிரியர்கள் மொடியூல்களைத் தேடி ஓடுகிறார்கள். தமது பாடத்துக்கு எது தேவை என்பதைவிட, தமது வலயத்தில் எது நடைபெறுகிறது என்பதே தெரிவைத் தீர்மானிக்கிறது. சான்றிதழ் கோப்புக்குச் செல்கிறது. வகுப்பறை அப்படியே இருக்கிறது. மறுபுறம், தமிழில் மொடியூல் நடைபெறாத காரணத்தால் பதவி உயர்வும் சம்பள ஏற்றமும் தாமதமானால், அது ஆசிரியரின் குற்றமன்று.

மலையகத்தின் பாடம்

பயிற்சி எந்த அளவுக்கு ஒரு சமூகத்தின் கதியை மாற்ற முடியும் என்பதற்கும், அது எவ்வளவு எளிதில் மறக்கப்படும் என்பதற்கும் மலையகம் சான்றாக இருக்கிறது.

1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்று, தோட்டங்களில் வாழும் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிருவாகங்களிடம் ஒப்படைத்தது. விளைவாக உருவானவை ஓராசிரியர் பாடசாலைகள். 1945இல் நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அந்த நீரோட்டத்துக்கு வெளியிலேயே இருந்தன. 1970களிலேயே அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பொறுப்பேற்றபோது அங்கு கட்டடங்களும் போதியளவு இருக்கவில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர்களும் இருக்கவில்லை.

1980களின் நடுப்பகுதியில் சுவீடனின் சீடா நிறுவனமும், ஜெர்மனியின் ஜி.டி.இசட். நிறுவனமும் இங்கு உதவிக்கு வந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து ஆசிரியர்களை அனுப்பினால் அவர்கள் விரைவில் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிடுகிறார்கள் என்பது அனுபவம். எனவே, தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்து, பரீட்சைகளில் சித்தியடைந்த இளைஞர், யுவதிகள் ஆசிரியர்களாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அவர்கள் கற்பித்துக்கொண்டே தொலைக்கல்வி மூலமும், கொட்டகலை ஆசிரிய கலாசாலை மூலமும் பயிற்சி பெற்றார்கள். அச்சிட்ட பாடத்தொகுதிகள் வீட்டுக்கு வந்தன; வார இறுதிகளில் அருகிலுள்ள நிலையத்தில் நேரடி வகுப்புகள் நடைபெற்றன. 1990களில் ஸ்ரீபாதக் கல்வியியல் கல்லூரி இயங்கத் தொடங்கியது. இன்று மலையகத்தில் காணப்படும் அதிபர்கள், கல்வி அதிகாரிகள், விரிவுரையாளர்கள் பலர் இந்த அலையில் உருவானவர்கள், அல்லது இந்த அலையில் உருவான ஆசிரியர்களிடம் கற்றவர்கள்.

இந்த முயற்சியில் கவனிக்கத்தக்க அம்சம் ஒன்று உண்டு. இது சில நாள் செயலமர்வாக இருக்கவில்லை. பயிற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஆசிரியர் வாரத்தில் கற்பித்ததை வார இறுதியில் பேச முடிந்தது. பேசியதை அடுத்த வாரம் வகுப்பில் செய்து பார்க்க முடிந்தது.

மூன்று தசாப்தங்கள் கழித்து, 2014-2015 காலப்பகுதியில், மலையகப் பாடசாலைகளின் வெற்றிடங்களை நிரப்பச் சுமார் மூவாயிரம் பேரை ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்க்கும் திட்டம் மீண்டும் வந்தது. இம்முறை அவர்களுக்கு வழங்கப்பட்டது மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு மாத்திரமே. பின்னர் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆசிரிய கலாசாலையில் பயிற்சியை முடித்த பின்னரே ஆசிரியர் சேவையில் உள்வாங்கப்படுவார்கள் என்பது நிபந்தனை. விடுதிச் செலவும் பேருந்துச் செலவும் போக அந்தத் தொகையில் என்ன எஞ்சியிருக்கும் என்பதைக் கணக்கிடுவது கடினமன்று. பயிற்சி என்பது ஓர் ஆசிரியருக்குக் கிடைக்கும் வாய்ப்பாக அன்றி, அவரைக் குறைந்த ஊதியத்தில் வைத்திருப்பதற்கான காரணமாகவும் ஆகிவிடலாம் என்பதை இந்த அனுபவம் காட்டியது.

பிற நாடுகள் கற்றுக்கொண்டவை

பயிற்சிக்குச் செலவிட்டால் மாணவர் கல்வி மேம்படும் என்பது இயல்பான நம்பிக்கை. ஆய்வுகள் அந்த நம்பிக்கையை முழுமையாக ஆதரிப்பதில்லை.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில், அந்நாட்டின் தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டம் 600 கணித ஆசிரியர்களை உள்ளடக்கிய பரிசோதனை ஒன்றின் மூலம் மதிப்பிடப்பட்டது. 2019இல் வெளியான அந்த ஆய்வு, ஓராண்டின் பின்னரும் மாணவர்களின் கணித அடைவில் பயிற்சியால் மாற்றம் ஏற்படவில்லை என்ற முடிவுக்கு வந்தது. பயிற்சி அளவுக்கு மீறிக் கோட்பாட்டுச் சார்புடையதாக இருந்ததை ஆய்வாளர்கள் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டார்கள்.

இதற்கு மாறாக, மத்தியூ கிராஃப்ட் உள்ளிட்ட மூவர் 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட கட்டுரை, அனுபவமுள்ள ஒருவர் வகுப்பறைக்கே வந்து, பார்த்து, தனித்தனியாக ஆலோசனை வழங்கும் முறை கற்பித்தலையும் மாணவர் அடைவையும் மேம்படுத்துவதாகக் காட்டியது. அதே கட்டுரை ஓர் எச்சரிக்கையையும் விடுத்தது. சிறிய அளவில் நடத்தும்போது கிடைக்கும் பயன், அதே திட்டம் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு விரிவாக்கப்படும்போது குறைந்துவிடுகிறது. நல்ல ஆலோசகர்களைப் பெருமளவில் உருவாக்குவது எளிதன்று என்பதே அதன் பொருள்.

ஜப்பானின் அனுபவமும் நோக்கத்தக்கது. ஆசிரியர்கள் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 30 மணித்தியாலப் பயிற்சியைப் பெற்றுத் தமது உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி அங்கு 2009இல் நடைமுறைக்கு வந்தது. செலவு ஆசிரியருடையது. வேலைச்சுமையும் ஆசிரியர் பற்றாக்குறையும் கூடியதே மிச்சம் என்ற விமர்சனங்களுக்கு மத்தியில் 2022இல் அந்த விதி நீக்கப்பட்டது. ஆனால் ஜப்பானில் நூறாண்டுகளுக்கும் மேலாக வேரூன்றியுள்ள இன்னொரு வழக்கம் நீடிக்கிறது. ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, சக ஆசிரியர்கள் அமர்ந்து கவனித்து, பின்னர் அந்தப் பாடத்தைப் பற்றி மட்டும் கூடி விவாதிக்கும் வழக்கம் அது. அதற்குப் பெரும் நிதி தேவையில்லை. நேரமும் பரஸ்பர நம்பிக்கையுமே தேவை.

சிங்கப்பூர் 1998 முதல் ஆசிரியர்கள் ஆண்டுக்கு 100 மணித்தியாலங்கள் வரை பயிற்சி பெறுவதை ஓர் உரிமையாக வழங்கிவருகிறது. தமிழாசிரியர்களுக்கு உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் ஒரு கூடுமிடமாக இருக்கிறது. நிருவாகப் பதவிகளுக்குச் செல்லாமலே, கற்பித்தலில் தேர்ச்சி பெற்ற முதுநிலை ஆசிரியராக உயர்வதற்கான வழியும் அங்கு உண்டு. ஸ்கொட்லாந்தில் 2001ஆம் ஆண்டின் உடன்படிக்கை, ஆண்டுக்கு 35 மணித்தியாலத் தொழில்சார் கற்றலை ஆசிரியர் ஒப்பந்தத்தின் அங்கமாக்கியது. அந்த உடன்படிக்கை ஊதிய உயர்வையும் உள்ளடக்கியிருந்தது என்பது கவனத்துக்குரியது.

தமிழ்நாட்டில் விவாதம் வேறொரு திசையில் சென்றிருக்கிறது. 2025 செப்டம்பர் முதலாம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஓய்வு பெறுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள், முன்னரே பணியில் சேர்ந்தவர்களாயினும், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று கூறியது. இருபது ஆண்டுகள் கற்பித்த ஒருவரின் திறனை அளப்பதற்குத் தேர்வு பொருத்தமான கருவியா, அல்லது பிள்ளைகளுக்குத் தகுதியுள்ள ஆசிரியர் கிடைப்பதற்கு இதைவிட வேறு உத்தரவாதம் உண்டா என்ற விவாதத்தை அது எழுப்பியது. தேர்வு ஒருவருக்குத் தெரியாததைக் கண்டறியலாம். தெரியாததைக் கற்பிக்கும் பொறுப்பு அதன் பின்னரும் எஞ்சியே இருக்கும்.

நெருக்கடியும் சீர்திருத்தமும்

இலங்கை ஆசிரியர்கள் 2021 ஜூலையில் தொடங்கிச் சில மாதங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிநின்றார்கள். 1997இலிருந்து தொடரும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. அடுத்த ஆண்டில் வந்த பொருளாதார நெருக்கடி, கிடைத்த சம்பள உயர்வின் பெறுமதியைக் கரைத்தது. எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மூடப்பட்டன. அரசாங்க ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று பணியாற்றலாம் என்ற சுற்றறிக்கை 2022 ஜூனில் வெளியானது. அந்த வழியிலும் வேறு வழிகளிலும் நாட்டை விட்டுச் சென்றவர்களில் ஆசிரியர்களும் அடங்குவர். ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகிய பாடங்களில் பயிற்சி பெற்றவர்களுக்கே வெளியில் வாய்ப்பு அதிகம். அரசாங்கம் பயிற்சிக்காகச் செலவிட்ட பணத்தின் ஒரு பகுதி இவ்வாறு விமானமேறிச் சென்றது.

இந்தப் பின்னணியிலேயே புதிய கல்விச் சீர்திருத்தம் வந்தது. 2026இல் 1ஆம் தரத்திலும் 6ஆம் தரத்திலும் தொடங்கத் திட்டமிடப்பட்டிருந்த மாற்றத்தில், 6ஆம் தரத்துக்குரிய பகுதி அவ்வாண்டு ஜனவரியில் 2027க்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆங்கிலப் பாட மொடியூல் ஒன்றின் உள்ளடக்கம் குறித்து எழுந்த சர்ச்சையே உடனடிக் காரணமாக அமைந்தது. ஆயினும் பாடநூல்களுக்குப் பதிலாக மொடியூல்களைக் கையாள ஆசிரியர்கள் எந்தளவுக்குத் தயார்படுத்தப்பட்டிருந்தார்கள் என்ற கேள்வி அதற்கு முன்னரே எழுப்பப்பட்டிருந்தது. ஒத்திவைப்பினால் கிடைத்த அவகாசம் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே, இச்சீர்திருத்தமும் 2007இன் வழியில் செல்லுமா என்பது தீர்மானமாகும்.

நான்கு தேவைகள்

மேற்சொன்ன அனுபவங்களிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது நேரம். சனி, ஞாயிறு நாள்களில் நடத்தப்படும் பயிற்சி, குடும்பப் பொறுப்புகளைச் சுமக்கும் ஆசிரியைகளையே அதிகம் பாதிக்கிறது. இலங்கை ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பாடசாலை நாட்காட்டியில் சில நாள்களை இதற்கென ஒதுக்குவதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது இடம். பயிற்சி மகரகமையிலிருந்து பாடசாலைக்கு வர வேண்டும். பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி என்ற திட்டம் காகிதத்தில் ஏற்கனவே இருக்கிறது. ஆறு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள தோட்டப் பாடசாலையில் ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவர் இருக்க மாட்டார்கள். எனவே அயற்பாடசாலைகள் நான்கைந்து ஒன்றுசேர்ந்து இயங்கும் கொத்தணி முறையே அங்கு பொருந்தும்.

மூன்றாவது ஆள். ஆசிரிய ஆலோசகரை அலுவலக வேலையிலிருந்து விடுவித்து, அவருக்குப் பயணச் செலவையும் வழங்கி, வகுப்பறைக்கு அனுப்ப வேண்டும். அவருடைய வருகை ஆசிரியரின் தனிப்பட்ட கோப்பில் பதிவாகும் மதிப்பீடாக இருக்குமானால், எந்த ஆசிரியரும் தமது குறையை மனந்திறந்து கூற மாட்டார்.

நான்காவது மொழி. தமிழ்மொழிமூலப் பயிற்சி, மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்காமல், தமிழிலேயே வடிவமைக்கப்பட வேண்டும். அதற்கான கல்வியாளர்கள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய இடங்களில் இருக்கிறார்கள்.

புலம்பெயர்ந்த தமிழர்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. பழைய மாணவர் சங்கங்கள் பல ஆண்டுகளாகத் தாயகப் பாடசாலைகளுக்கு உதவிவருகின்றன. கட்டடம், கணினி அறை, மதில், நுழைவாயில் ஆகியவற்றுக்குப் பணம் சேர்ப்பது எளிது. திறப்பு விழாவுக்கும் பெயர்ப்பலகைக்கும் அங்கு இடமிருக்கிறது. பரீட்சைக்கு முந்திய மாணவர் கருத்தரங்குகளுக்கும் உதவி கிடைக்கிறது. பின்தங்கிய பாடசாலையொன்றின் கணித ஆசிரியை வார இறுதியில் டிப்ளோமா கற்பதற்கான கட்டணத்தையோ, அவர் மாதமொருமுறை அயற்பாடசாலை ஆசிரியர்களுடன் கூடுவதற்கான பேருந்துச் செலவையோ ஏற்க முன்வருவோர் அரிது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது.

ஆனால் கணக்குப் பார்த்தால், ஒரு நுழைவாயில் ஒரு பாடசாலைக்கே உரியது. இருபத்தைந்து வயதில் நல்ல பயிற்சி பெறும் ஆசிரியர் ஒருவர், அறுபது வயதில் ஓய்வு பெறும் வரை, ஆண்டுக்கு நூறு மாணவர்களுக்குக் கற்பிப்பாராயின், அவருடைய வகுப்பறைகளில் 3,500 மாணவர் இடங்கள் நிரம்பியிருக்கும். 1980களில் கொட்டகலையிலும் தொலைக்கல்வி நிலையங்களிலும் பயிற்சி பெற்றவர்கள் இப்போது ஓய்வு பெற்றுவருகிறார்கள். அவர்களின் இடத்துக்கு வருபவர்களுக்கு அதே அளவு பொறுமையுடன் கற்பிக்க யாராவது இருக்கிறார்களா என்பதே, அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கான கேள்வி.